பழைய கணினிக்கு மாற்றுப் பிராசஸர்

இன்டெல் 2004இல் கொண்டுவந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை பல பிராசஸர்கள் உட்காரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சர்வீஸ் கடைக்காரருக்கு இத்தகைய பழைய கணினியின் வேகத்தைக் கூட்டுவது கைப்பக்குவம் கேட்கும் வேலை. மாற்றுப் பிராசஸரைத் தேடுமிடம் சென்னை ரிச்சி தெரு.

சாக்கெட்டில் பொருந்துவதெல்லாம் ஓடிவிடாது. மதர்போர்டின் சிப்செட்டும் பயாஸும் அந்தப் பிராசஸரை ஏற்க வேண்டும். அதனால் பழையது இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுவது முறை.

மாற்றியபின் ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால், தேர்ந்த கை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். முதலில் நான்கு முனை 12 வோல்ட் இணைப்பு. அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியைச் சற்று நேரம் கழற்றிவைப்பது. பிறகு ஒற்றை ரேமோடு ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் அசையாவிட்டால், சாக்கெட்டின் 775 ஊசிகள்மீது டார்ச்சைச் சாய்த்து அடிக்க வேண்டும். வளைந்த ஊசி மட்டும் வரிசை பிசகி மின்னும். பக்கத்து ஊசியைத் தொடாமல் அதை நிமிர்த்துவதில்தான் தொழில் தெரியும்.

கணினி எழுந்து, சில நிமிடங்களில் அணைந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். 65 வாட் கோர் 2 டுவோவின் சிறிய கூலர் 95 வாட் குவாடுக்குத் திணறும். நான்கு கால்களில் ஒன்று பூட்டாவிட்டாலும் அதே கதிதான். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். சூட்டுச் சோதனையைக் கத்திரி வெயில் மதியத்தில் தாண்டிய கணினி மற்ற மாதங்களையும் தாங்கும்.