எந்த நிமிடத்துப் புரதம்?

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இதயத்தசைக்குப் போகும் ரத்தக்குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி நான்கு தடவை. பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். இப்படிப் பழக்கப்பட்ட இதயங்களில் இறந்துபோன தசையின் அளவு, பழக்கப்படாதவற்றில் கண்டதில் கால் பங்குதான். கடைசி அடைப்பை 3 மணி நேரமாக நீட்டியபோது இந்த நன்மை காணாமற்போனது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் ஒரு செல் மரபணுவை இயக்கி, புதுப் புரதத்தைப் போதிய அளவு செய்து தன்னைக் காத்துக்கொள்வது கடினம். ஏற்கெனவே உள்ள புரதங்களில்தான் ஏதோ மாற வேண்டும். ஒன்றின்மேல் பாஸ்பேட் ஏறுகிறது, இன்னொன்றின் கந்தக முனையில் நைட்ரிக் ஆக்சைடு ஒட்டுகிறது, வேறொன்று இடம்பெயர்ந்து மைட்டோகாண்ட்ரியாவில் போய் அமர்கிறது. ஆர்என்ஏவை எத்தனை நுட்பமாக அளந்தாலும் இவை கண்ணில் படா. இதயச் செல்லின் காயத்தையும் காப்பையும் புரதங்கள் வழியே படிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு நியாயமே போதும். முறையில் எனக்கு ஐயமில்லை. அதை எங்கே, எப்போது பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஐயம்.

இம்முறையின் உச்சமாக நான் கருதுவது, தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரோபோனின் ஐ என்ற புரதம் பற்றிய ஆய்வு. சிறிது நேரம் ரத்தம் நின்று திரும்பிய தசையில் செல்கள் உயிரோடு இருந்தும் சுருங்கும் வலு குன்றியிருக்கும். எலி இதயங்களில் இதை ஆராய்ந்த ஜெனிஃபர் வான் ஐக் உள்ளிட்டோர், ட்ரோபோனின் ஐ புரதத்தின் வால்முனையில் 17 அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் அது இன்னொரு பட்டியல் வரியாகவே போயிருக்கும். 2000இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இந்த வெட்டுப்பட்ட வடிவத்தையே சுண்டெலிகளின் இதயத்தில் உருவாக வைத்தது. ரத்த ஓட்டம் ஒரு நொடிகூடத் தடைபடாமலே அந்த இதயங்கள் விரிந்து வலுவிழந்தன. கண்டதைக் காரணமாக நிறுவுவது என்றால் இதுதான். ஆனால் 1999இலேயே பஃபலோவில் பன்றிகளைச் சோதித்தவர்கள், அதேபோல் வலு குன்றிய தசையில் அந்த வெட்டைக் காணவில்லை. மனித இதயத்துக்கு எலியைவிடப் பன்றி நெருக்கம். எலியில் மெய்யாக இருப்பது நம்மிடம் இல்லாமலும் போகலாம்.

பெரும்பாலான ஆய்வுகளோ காரணச் சோதனை வரை வருவதே இல்லை. மாரடைப்புக்குப் பல மணி நேரம் கழித்துத் தசையை எடுத்து, கூடிய புரதம், குறைந்த புரதம் என்று அட்டவணை போடுகிறார்கள். இறக்கும் செல்லின் சவ்வு கிழிந்ததும் உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்துக்குள் ஒழுகிவிடுகின்றன. மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையே இந்த ஒழுக்கை நம்பித்தான் இயங்குகிறது. அப்படியிருக்க, தசையில் ஒரு நொதி குறைந்திருப்பதைச் செல் தானாகச் செய்த மாற்றம் என்று எப்படி வாசிப்பது? மருந்து கொடுத்த இதயத்தில் அது குறையவில்லை என்றால், செல்கள் பிழைத்ததால் நொதி தங்கியிருக்கலாம். அந்த நொதி காப்பாற்றியது என்று பொருளாகாது. தீயில் எரிந்த வீட்டில் மறுநாள் சாமான்களை எண்ணித் தீ எப்படிப் பிடித்தது என்று சொல்ல முயல்வதற்கு ஒப்பானது இது. 2008இல் பிராக் நகர ஆய்வாளர்கள் பல்வேறு புரத ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஈனோலேஸ், வெப்ப அதிர்ச்சிப் புரதம் 27 போன்ற அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எந்தத் துன்பத்துக்கும் எழும் பொதுவான குரலை இதயத்துக்கே உரியதாக எண்ணி ஏமாற இடமுண்டு.

எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று தேடும் ஆய்வுகளுக்கும் வரம்பு உண்டு. 2001இல் பேய்பேய் பிங் குழு, பிகேசி எப்சிலான் என்ற காப்பு நொதியோடு சேர்ந்திருக்கும் 30க்கும் மேற்பட்ட புரதங்களை அடையாளம் கண்டது. அருமையான வேலை அது. அதன் தொடர்ச்சியாக 2003இல் கிறிஸ்டஃபர் பெய்ன்ஸ், இந்த நொதி, திறந்தால் செல்லைச் சாகவைக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரணத் துளையோடும், அதன் உறுப்பாகக் கருதப்பட்ட விடாக் புரதத்தோடும் இணைவதைக் காட்டினார். 2007இல் அதே பெய்ன்ஸ் விடாக்கை மரபணு வழியே நீக்கிப் பார்த்தார். துளை வழக்கம்போலத் திறந்தது. ஒட்டியிருப்பதாலேயே ஒரு புரதம் அந்தப் பொறியின் பாகமாகிவிடாது என்று தன் துறைக்கே காட்டிய அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவரே 2005இல், அந்தத் துளை திறக்க உதவும் சைக்ளோஃபிலின் டி புரதம் இல்லாத சுண்டெலிகளில் இதயக் காயம் குறைவதைக் காட்டியிருந்தார். அந்தப் புரதத்தைத் தடுக்கும் சைக்ளோஸ்போரினை அடைப்பு நீக்கும் வேளையில் 970 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் பலன் கிட்டவில்லை. இளம் ஆரோக்கிய எலியின் இதயமும், நீரிழிவோடும் பல மாத்திரைகளோடும் வாழும் அறுபது வயதுக்காரரின் இதயமும் ஒன்றல்ல.

அந்த அறுபது வயதுக்காரரின் தசை ஆய்வுக்கூடத்துக்கு வருவது அரிது. பைபாஸ் அறுவையின்போது எளிதாகக் கிடைப்பது வலது மேலறையின் சிறு துணுக்கு. மாரடைப்பு பெரிதும் சிதைப்பது இடது கீழறையை. ஆகவே ஒரு புரதப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, எந்த உயிரினம், இதயத்தின் எந்தப் பகுதி, அடைப்புக்கு முன்பா பின்பா, எத்தனையாவது நிமிடம் என்ற நான்கையும் முதலில் தேடுகிறேன். நீண்ட அடைப்பு தொடங்குமுன் எடுத்த மாதிரி என்றால், செல்கள் இன்னும் இறக்கத் தொடங்கவில்லை. அதில் கண்ட மாற்றம் சாவின் விளைவாக இருக்க முடியாது. அதைத்தான் மேற்கொண்டு படிக்கிறேன்.