ஹரீரியின் வழியில் ஒரு ஜெர்மானியர்

அரபிக் கல்லூரிகளில் ‘மகாமாத்துல் ஹரீரி’யை ஓதியவர்கள் அதன் ஆறாவது மகாமாவை மறந்திருக்க மாட்டார்கள். அதில் வரும் மடலில் ஒரு சொல்லின் எழுத்துகள் யாவும் புள்ளி உடையவை. அடுத்த சொல்லின் எழுத்துகள் யாவும் புள்ளி அற்றவை. மடல் முழுதும் இவ்வாறே செல்கிறது. இதனை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் பொருளைத் தமிழில் கூறிவிட்டு, அழகை அரபியிலேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். வேறு வழியில்லை என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை அசைத்தவர், ஹரீரியை எதுகை உரைநடையிலேயே ஜெர்மன் மொழிக்குக் கொணர்ந்த ஃப்ரீட்ரிக் ரூக்கர்ட் (1788–1866). அந்த ரூக்கர்ட்டைத் தம் மக்களுக்கு மீட்டுத் தருவதில் வாழ்வின் பிற்பகுதியைச் செலவிட்டவர் நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளருமான ஹான்ஸ் வோல்ஷ்லேகர். இக்கட்டுரை அவரைப் பற்றியது.

வோல்ஷ்லேகர் 1935 மார்ச் 17 அன்று ஜெர்மனியின் மிண்டன் நகரில், ஒரு புரோட்டஸ்டண்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். டெட்மோல்டில் இசை பயின்றார். 1950களின் பிற்பகுதியில் பாம்பெர்க் நகருக்கு வந்து, கார்ல் மாயின் நூல்களை வெளியிடும் பதிப்பகத்தில் பணியாற்றினார். அரபு நாடுகளில் கால் வைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே அவற்றைக் களமாகக் கொண்ட சாகசக் கதைகளை எழுதிக் குவித்தவர் கார்ல் மாய். அவரது வாழ்க்கை வரலாற்றை வோல்ஷ்லேகர் 1965இல் எழுதினார். பின்னர் ஆர்னோ ஷ்மிட்டுடன் இணைந்து எட்கர் ஆலன் போவின் படைப்புகளை மொழிபெயர்த்தார். அவரது சொந்த நாவலான ‘ஹெர்ட்ஸ்கெவெக்ஸெ’ 1982இல் முதற்பகுதியாக வெளிவந்தது. இரண்டாம் பகுதி வெளிவராமலேயே 2007 மே 19 அன்று அவர் பாம்பெர்கில் காலமானார்.

நம்மவர் அவரை அறிந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு நூலின் வாயிலாகத்தான் இருக்கும். சிலுவைப் போர்களைப் பற்றி அவர் 1973இல் எழுதிய நூல் அது. ‘ஜெருசலேம் நோக்கிய ஆயுதமேந்திய புனிதப் பயணங்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பே ஒரு வாதம். 1095இல் போப் இரண்டாம் அர்பனின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டோர் தம்மைப் புனித யாத்திரிகர் என்றே கருதினர். அச்சொல்லையே எடுத்து, அதனருகில் ஆயுதத்தை வைத்துவிட்டார் ஆசிரியர். 1096இல் ரைன் நதிக்கரை யூதர்கள் கொல்லப்பட்டதும், 1099 ஜூலையில் பைத்துல் முகத்தஸில் குருதி பெருகியதும் அத்தலைப்பின் விரிவுரைகளே.

இந்நூலை நம் மேடைகளுக்கு ஓர் ஆயுதமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். அது நேர்மையாகாது. வோல்ஷ்லேகரின் வழக்கு திருச்சபை என்னும் அதிகாரத்தின் மீது. அதைவிட ஆழமாகப் பார்த்தால், சமய நம்பிக்கையின் மீதே. ஃப்ராய்டின் நூற்பெயர் ஒன்றைத் திருப்பிப்போட்டு, ‘ஒரு மாயையின் நிகழ்காலம்’ என்று தம் 1978ஆம் ஆண்டு நூலுக்குப் பெயரிட்டவர் அவர். நமக்காகச் சாட்சி சொல்ல வந்தவரல்லர். தம் தந்தை நின்ற பிரசங்க மேடையை நோக்கி வாழ்நாளெல்லாம் பேசியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சினத்தை நம் கணக்கில் வரவு வைப்பது முறையன்று.

அவருடைய பெயர் நிலைத்தது மொழிபெயர்ப்பினால்தான். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ 1927இலேயே கேயோர்க் கோயெர்ட்டால் ஜெர்மனில் ஆக்கப்பட்டிருந்தது. வோல்ஷ்லேகரின் ஆக்கம் 1975இல் வந்ததும் அதுவே நாவலின் ஜெர்மன் வடிவமாக நிலைபெற்றது. அதன் பதினான்காம் அத்தியாயம் ஆங்கில உரைநடையின் வரலாறு முழுவதையும் தொன்மை முதல் கொச்சை வரை போலச் செய்து காட்டுவது. அங்கே ஆங்கில நடைகளைப் பெயர்த்துப் பயனில்லை. ஜெர்மன் உரைநடை தானே கடந்துவந்த நடைகளை வரிசையாக எழுப்பிக் காட்டினார் அவர். எழுத்தை விட்டுவிட்டு விளையாட்டைப் பெயர்ப்பது இது. ஹரீரி நூலை 1826இல் வெளியிட்டபோது ‘கட்டற்ற போலாக்கம்’ என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட ரூக்கர்ட்டின் வழியும் இதுவே.

எனவே வோல்ஷ்லேகர் ரூக்கர்ட்டிடம் சென்றது தற்செயலன்று. ஹமாஸாவையும் திருமறையின் பகுதிகளையும் ஜெர்மனில் தந்த அப்பேரறிஞர், பொதுமக்களிடையே பெரும்பாலும் பிள்ளைகளை இழந்த தந்தையின் புலம்பற் பாடல்களுக்காகவே அறியப்பட்டிருந்தார். அதுவும் குஸ்தாவ் மாலர் அவற்றுள் ஐந்துக்கு இசையமைத்ததால். வோல்ஷ்லேகர் அப்பாடல்களை 1988இல் பதிப்பித்தார். பின்னர் ருடால்ஃப் க்ராய்ட்னருடன் சேர்ந்து, ரூக்கர்ட் பிறந்த ஊரான ஷ்வைன்ஃபுர்ட்டின் பெயர் தாங்கிய ஆய்வுப் பதிப்பைத் தொடங்கினார்.

ஓர் ஐயம் எனக்கு நீங்கவில்லை. ஹரீரிக்குப் பொருந்தும் இந்த உரிமை இறைமறைக்குப் பொருந்துமா? ரூக்கர்ட் குறுஞ்சூராக்களின் ஓசையொழுங்கை ஜெர்மனில் எதிரொலிக்க முயன்றார். அது அவர் மறைந்தபின் 1888இல் அச்சேறியது. அம்முயற்சியில் அன்பும் செவிக்கூர்மையும் உண்டு. எனினும் ஓசைக்காக ஒரு சொல் இடம்பெயரும்போது சட்டமும் சற்றே இடம்பெயரக்கூடும். கதையில் அது அழகு. மறையில் அது பிழை. இவ்வேறுபாட்டை வோல்ஷ்லேகர் ஏற்றிருப்பார் என்று நான் எண்ணவில்லை.

அவர் மறைந்தபின் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவை வேறு வடிவில் எழுப்பியது. ஹரால்ட் பெக் தலைமையிலான அறிஞர் குழு ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, அவரது ‘யுலிசஸ்’ ஆக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட திருத்தங்களைச் செய்தது. உரிமை பெற்றவரின் இசைவு கிட்டாமையால் 2018இல் சுர்க்காம்ப் பதிப்பகம் அதனைப் பொதுவிற்பனைக்குக் கொணர இயலாது போயிற்று; ஆய்வாளர்க்கென 200 பிரதிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. திருத்தியவர்கள் ஜாய்ஸுக்குக் கடமைப்பட்டிருந்தனர், மறுத்தவர் வோல்ஷ்லேகருக்கு. இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

நம் முன்னோர் இத்தகைய இக்கட்டுக்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தனர். மத்னைத் தொடாமல் நடுவில் வைத்து, திருத்தத்தையும் மறுப்பையும் ஹாஷியாவாக ஓரத்தில் எழுதினர். ஆசிரியர் பிழைத்தார்; பிழையும் மறையவில்லை. ரூக்கர்ட்டின் பாடபேதங்களை வரிக்கு வரி ஆராய்ந்து அச்சில் வைக்கும் பணியைத் தொடங்கியவரின் சொந்த நூலுக்கு மட்டும் அந்த ஓரம் கிடைக்கவில்லை.