யாருடைய கையொப்பம்? – டொரத்தி ரொபர்ட்ஸின் நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

டொரத்தி ரொபர்ட்ஸ் எழுதிய 'கில்லிங் த பிளக் பொடி' என்ற நூலை நான் கையில் எடுத்தது 2019 ஜூன் மாதத்தில். குருநாகல் வைத்தியரின் கதை நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு அவர்களுக்குத் தெரியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்று மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது. அடுத்த நாள் அவர் கைதானார். அதற்கு முந்திய வருடம்தான் அம்பாறையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை என்று கடையை உடைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால் அது மாக்கட்டி. உம்மா என்னிடம் கேட்டா: "ஒரு டொக்டரால இப்பிடிச் செய்ய ஏலுமா மகள்? ஆரும் எங்கயாவது செஞ்சிருக்காங்களா?"

முதல் கேள்விக்கு, மற்ற வைத்தியர்களும் தாதிகளும் நிற்கிற சத்திரசிகிச்சைக் கூடத்தில் அப்படி நடப்பது நம்பக்கூடியதல்ல என்று சொல்லிவிட்டேன். குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் ஆதாரம் இல்லையென்று பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இந்த நூலில் இருந்தது. செய்திருக்கிறார்கள். ஆனால் சிறுபான்மை வைத்தியர் ஒருவர் பெரும்பான்மைப் பெண்களுக்கு அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்கத்தின் பணத்தில், கறுப்பினப் பெண்களுக்கு.

நூல் வெளிவந்தது 1997இல். ரொபர்ட்ஸ் ஒரு சட்டப் பேராசிரியர். அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கம் இனவிருத்தி உரிமை என்றதும் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத்தான் முதலில் பேசியது. கறுப்பினப் பெண்ணுக்கோ பிள்ளையைப் பெறவும், பெற்ற பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கவும் உள்ள உரிமையே முதலில் பறிபோனது. இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

அவர் அடிமைக்காலத்தில் இருந்து தொடங்குகிறார். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. வேர்ஜினியாவில் 1662இல் வந்த சட்டம் அதைத் தலைகீழாக மாற்றியது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. எசமான் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் எசமானின் சொத்துக்கணக்கில் சேர்ந்தது. இதை வாசிக்கையில் பிக்ஹு நூல்களில் வரும் 'உம்மு வலத்' ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே எசமானுக்குப் பிறந்த பிள்ளை சுதந்திரமானது. தாயை விற்க முடியாது, எசமான் மௌத்தானதும் அவள் விடுதலை. இதை மார்தட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. 'அஸ்ல்' செய்வதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று கேட்ட அதே சட்ட அறிஞர்கள் அடிமைப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

இரண்டாம் அத்தியாயம்தான் நூலின் உயிர். 1973 ஜனவரியில் றோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது. பெண்ணின் உரிமைக்குப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். அதே வருடம் ஜூனில் அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரியில் ரெல்ஃப் குடும்பத்தின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு, ஒருத்திக்கு 14 வயது, மற்றவளுக்கு 12, நிரந்தரக் கருத்தடை செய்யப்பட்டது. தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. வழமையாகப் போடுகிற ஊசிக்குத்தான் என்று நினைத்து, நீட்டிய காகிதத்தில் புள்ளடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தா. வழக்கு நீதிபதி கெர்ஹார்ட் கெசலிடம் போனது. மத்திய அரசின் பணத்தில் வருடத்துக்கு ஒரு இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் வரையான ஏழைகளுக்கு இப்படிக் கருத்தடை நடப்பதாகவும், இணங்காவிட்டால் அரச உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் பலர் இணங்கியதாகவும் அவருடைய தீர்ப்பு சொன்னது. மிசிசிப்பியில் சிவில் உரிமைப் போராளி ஃபனி லூ ஹேமருக்கு 1961இல் கட்டியொன்றை எடுக்கப் போன இடத்தில் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்படியான சத்திரசிகிச்சைக்கு 'மிசிசிப்பி அப்பென்டெக்டமி' என்று பெயர் வைக்குமளவுக்கு அது அங்கே சாதாரணம்.

என்னை நிறுத்தி வைத்தது இதற்குப் பிறகு வருகிற விடயம். இவ்வளவு நடந்த சமூகத்தில் கருத்தடை என்ற சொல்லே இனஅழிப்பாகக் கேட்டதில் ஆச்சரியமில்லை. 1960களின் கடைசியில் பிட்ஸ்பேர்க் நகரில் கறுப்பினத் தலைவர்கள் சிலர் குடும்பத் திட்டமிடல் கிளினிக்குகளை மூடவைத்தார்கள். அதைத் திரும்பத் திறக்கவைத்தவர்கள் வெள்ளையர்கள் இல்லை. அதே பகுதிக் கறுப்பினப் பெண்கள். அரசாங்கம் எங்களைக் கேட்காமல் வெட்டுவதையும் ஏற்கமாட்டோம், எங்கட ஆம்பிளைகள் எங்களைக் கேட்காமல் 'பெத்துப் போடு' என்பதையும் ஏற்கமாட்டோம் என்பதே அவர்களின் நிலை. ரொபர்ட்ஸ் இந்த இடத்தில் இன்னும் நின்றிருக்கலாம் என்பது என் குறை. சட்டத்தரணியாக, அரசையும் நீதிமன்றத்தையும் எதிராளியாக வைத்து எழுதுகிறபோது அவருடைய பேனா கூர்மையாக ஓடுகிறது. சொந்தச் சமூகத்துக்குள்ளே நடந்த சண்டைக்கு வந்தால் சீக்கிரம் கடந்துவிடுகிறார். இனவாதம் சூழ்ந்த நேரத்தில் வீட்டுச் சண்டையை வெளியே சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியாதா?

நோர்பிளான்ட் பற்றிய அத்தியாயமும் முக்கியமானது. கையின் தோலுக்குக் கீழே வைக்கும் இந்தக் கருத்தடைக்கு 1990 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. சில நாட்களிலேயே பிலடெல்பியாவின் பெரிய பத்திரிகையொன்று, கறுப்பின வறுமைக்கு இது பரிகாரமாகுமா என்று ஆசிரியர் தலையங்கம் எழுதி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி கறுப்பினத் தாய் ஒருத்திக்குத் தண்டனையின் நிபந்தனையாக இதை விதித்தார். பெண் விரும்பி வைத்துக்கொள்ளலாம், தானாகக் கழற்ற முடியாது. அதற்கு வைத்தியர் வேண்டும். ரொபர்ட்ஸின் சந்தேகம் அங்கேதான். 2013இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில் பகுதித் தமிழ்ப் பெண்கள், தங்களுக்கு வற்புறுத்திக் கையில் கருத்தடை வைத்ததாக முறையிட்டது இதே வகைக் கருவியைப் பற்றித்தான். அப்போது அதைப் பற்றி நாங்கள் எவ்வளவு எழுதினோம்? நான் ஒரு வரியும் எழுதவில்லை.

சார்ள்ஸ்டன் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1989 முதல் அங்குள்ள அரச வைத்தியசாலையொன்று கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுக்குத் தெரியாமல் போதைப்பொருளுக்காகப் பரிசோதித்துப் பொலிசுக்குக் கொடுத்தது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினத்தவர். நூல் வெளிவந்து நான்கு வருடங்களுக்குப் பின், 2001இல், உயர் நீதிமன்றம் அது பிழை என்றது. 2022இல் அதே நீதிமன்றம் றோ தீர்ப்பையே தூக்கி எறிந்தது. அந்தச் செய்தியும் ரொபர்ட்ஸின் வாசகருக்குத் திடுக்கிடுதலாக இருந்திராது. ஏழைப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அதற்கு அரசு காசு தரத் தேவையில்லை என்று 1980இலேயே தீர்ப்பாகிவிட்டது. காசில்லாதவளுக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருந்தது.

திரும்பக் குருநாகலுக்கு வருகிறேன். அந்த வைத்தியருக்கு நடந்தது அநியாயம். நாங்கள் அதைச் சொன்னோம், சொல்லவும் வேண்டும். முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான சிங்களப் பெண்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பிள்ளை தங்காத வேதனையோடு போனவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒழுங்கான வைத்திய விளக்கம். கிடைத்ததோ கமெராவும் கோஷமும். யார் கூட, யார் குறைய என்ற இனக் கணக்குக்கு அவர்களுடைய கர்ப்பப்பையும் இரையானது.

அதே கண்ணாடியை எங்கட வீட்டுப் பக்கமும் திருப்பாமல் இந்த நூலை மூடுவது நேர்மையாக இராது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதைச் சொல்லவில்லை. 12க்குக் கீழே என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். நிகாஹ் பதிவில் மணமகளின் கையொப்பத்தையும் அது கேட்கவில்லை. வலி போட்டால் போதும். சின்ன வயதில் முடித்துக் கொடுத்த பிள்ளைக்கு எப்போது தாயாவது என்பதைத் தீர்மானிக்கும் நாளும் அந்தப் பதிவோடு போய்விடுகிறது. திருத்தம் என்று வாய் திறந்தால், இனவாதிகள் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இது எதற்கு என்கிறார்கள். பிட்ஸ்பேர்க் பெண்களுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் அஸ்லைப் பற்றி எழுதும்போது பிரசவ ஆபத்துக்குப் பயந்து கர்ப்பத்தைத் தவிர்ப்பதையும் ஆகுமான காரணமாக ஏற்கிறார். ஒரு பெண்ணின் உயிர்ப் பயம் பதினொராம் நூற்றாண்டு ஷாபிஈ அறிஞருக்குக் காரணமாகப் பட்டிருக்கிறது.

இந்த நூலைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால் முழுவதையும் ஒரேயடியாகச் செய்யத் தேவையில்லை. இரண்டாம் அத்தியாயத்தையும், சுதந்திரமும் சமத்துவமும் பற்றிய கடைசி அத்தியாயத்தையும் முதலில் செய்யட்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ரெல்ஃப் தாயின் பகுதியை நான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ட கலியாணத்துல புள்ளடி போடக்கூட ஆரும் காகிதம் கொண்டுவரல்ல" என்றா.