நீர்ப்பெயற்று: பெரும்பாணாற்றுப்படை காட்டும் துறைமுக நகர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியுள்ளார். இரண்டிலும் ஒரு துறைமுக நகர் வருகிறது. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தை எல்லோரும் அறிவர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் நீர்ப்பெயற்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகிறது: அங்கே கலங்கரை விளக்கம் இருந்தது, அவ்வூர் இன்றைய மாமல்லபுரமாக இருக்கலாம். தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு துறைமுகத்தின் அன்றாட வாழ்வை அறிய விரும்புபவர் முதலில் படிக்க வேண்டியது நீர்ப்பெயற்றுப் பகுதியே என்பது என் கருத்து.

பட்டினப்பாலைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு இதற்குக் கிடைக்கவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கும் 1906இல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். 1911இல் அவர் குடியேறிய பல்லாவரம் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. அக்கல்லூரியும் 1937இல் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. நச்சினார்க்கினியர் அடிகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் சொல்வதை மறுத்து, பாட்டை அது செல்லும் வழியிலேயே படிக்க வேண்டும் என்பது அடிகளின் நிலைப்பாடு. அவருடைய வீட்டுக்கு அருகிலிருந்த கடற்கரையைப் பாடும் பாட்டுக்கு அந்த முறையைப் பொருத்திப் பார்த்தால் என்ன கிடைக்கிறது?

ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டு. பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் பாடியில் என்ன கிடைக்கும், உழவர், அந்தணர், வலைஞர் வீடுகளில் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் உணவைச் சொல்லிக்கொண்டே போகிறான். அந்த வரிசையில்தான் துறைமுகமும் வருகிறது. ஆகவே இந்நகரைப் பார்க்கும் கண் பசித்தவனின் கண். அரசன் காஞ்சியில் இருக்கிறான். துறையில் அவனுடைய இலச்சினையையோ சுங்கம் கொள்வோரையோ இப்பகுதி காட்டுவதில்லை. பட்டினப்பாலையில் இவை இரண்டும் முன்னிற்கின்றன. சோர்வறியாத சுங்க அலுவலர்கள் மூட்டைகள்மீது புலிப்பொறி இடுகிறார்கள். குதிரை, மிளகு, பொன், மணி, சந்தனம், அகில், முத்து, பவளம், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என்று பட்டியல் நீள்கிறது. வணிக வரலாறு எழுதுவோர் அதை விரும்புவது இயல்பு. ஆனால் பட்டியலில் அரசனின் பெருமை தெரிகிற அளவுக்குத் தெருவின் வாழ்வு தெரிவதில்லை.

நீர்ப்பெயற்றின் வாயிலில் முதலில் நாம் காண்பது கப்பலை அன்று. ஒரு சிறு பறவையை. நீராடும் பெண்கள் தவறவிட்ட பொன் குழையை இரை என்று எண்ணிக் கவ்விய சிரல், அதாவது மீன்கொத்தி, வழக்கமான பனைமடலுக்குப் போகாமல் அந்தணர் வேள்வி செய்த தூணில் போய் அமர்கிறது. அது யவனர் உயரத்தில் வைத்த ஓதிம விளக்கு, அதாவது அன்ன வடிவ விளக்கு போலவும், விடியலில் தோன்றும் வெள்ளி போலவும் தெரிகிறதாம். பெண்களின் விளையாட்டு, வேள்வி, கடல் கடந்து வந்தவர்களின் விளக்கு ஆகிய மூன்றையும் ஒரு மீன்கொத்தி தன் அலகில் சேர்த்துவிடுகிறது. பல நாட்டார் கலந்து வாழ்ந்தனர் என்று சொல்லாமலேயே புலவர் அதைக் காட்டிவிடுகிறார்.

அடுத்து வெண்பிடரிக் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்த நாவாய்கள்; மணல் நிறைந்த தெருக்கள்; பரதர் மிகுந்த குடியிருப்புகள்; ஏவலர் காக்கும் உயர்ந்த பண்டசாலைகள். பிறகு வரும் குறிப்பு மிக நுட்பமானது: இங்கே உழும் எருதும் கறவைப் பசுவும் நெருங்குவதில்லை, ஆட்டுக்கிடாய்களும் நாய்களுமே திரிகின்றன. (எகினம் என்ற சொல்லை நாய் என்றே கொள்கிறேன், அன்னம் என்பாரும் உண்டு.) வயல்வெளிகளைக் கடந்து வந்தவனுக்கு, வேளாண்மை இல்லாமலே சோறு நிறைந்த வீடு வியப்பளிக்கிறது. கடல் வணிகத்தால் வாழும் ஊரைப் பிற ஊரிலிருந்து பிரித்துக் காட்ட இந்த ஒரு குறிப்பே போதும்.

மாடத்தில் பந்தாடிக் களைத்த செல்வ மகளிர் முத்துப் போன்ற மணலில் இறங்கிப் பொற்கழங்கு ஆடுகிறார்கள். அங்கிருந்து பாட்டு கள்ளுக்கடைக்குப் போகிறது. கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, மாவூட்டிக் கொழுக்க வைத்த ஆண் பன்றியின் இறைச்சியும் கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும். பொற்கழங்குக்கும் கழுநீர்ச் சேற்றுக்கும் நடுவே ஒரு சில அடிகளே உள்ளன.

கலங்கரை விளக்கம் கடைசியில்தான் வருகிறது. வானத்துக்கு ஊன்றுகோல் போல நிற்கும், ஓலை வேயாத மாடம்; அதில் ஏறுவதற்கு ஏணி; இரவில் ஏற்றிய தீ கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. பாணனோ அந்தத் துறையைப் பின்னே விட்டுத் தென்னந்தோப்புகளை நோக்கி நடக்கிறான். உவமையில் வந்த யவன விளக்கோடு தொடங்கிய நகர், உண்மையான விளக்கோடு முடிகிறது. இவ்வடிகளை மட்டும் பிய்த்தெடுத்துச் சான்றாக வைப்பவர் இந்த அமைப்பை இழந்துவிடுகிறார்.

இடம் எது என்ற கேள்விக்கு வருவோம். மாமல்லபுரத்தில் ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல் முற்காலத்தில் விளக்கெரித்ததையும் அருகிலுள்ள இன்றைய கலங்கரை விளக்கத்தையும் பார்ப்பவருக்கு ‘இதுதான்’ என்று சொல்லத் தோன்றும். அக்கோயில் பல்லவர் காலத்தது. பாட்டு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. தெற்கே பாலாற்று முகத்துவாரத்தருகே வயலூரை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், ரௌலட்டட் பானை ஓடுகள், உறைகிணறுகள் கிடைத்துள்ளன. இரண்டில் இரண்டாவதற்கே சான்று வலுவாக உள்ளது. எனினும் ஊர்ப்பெயர் எழுதிய சான்று எதுவும் அங்கு கிடைக்காதவரை, பாட்டை ஒரு முகவரியாகச் சுருக்க வேண்டியதில்லை.

இந்தக் கடல்வழியின் மறுமுனை எகிப்து. செங்கடல் துறைகளான குசேர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கண்ணன், சாத்தன், கொற்றன் போன்ற பெயர்கள் அவற்றில் படிக்கப்பட்டுள்ளன. பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு இருந்தது. அச்சரக்குகள் ஒட்டகத்திலும் நைல் ஆற்றிலும் சென்று சேர்ந்த அலெக்சாந்திரியாவில்தான் பழைய உலகின் புகழ்பெற்ற ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்றது. யவன விளக்கை உவமையாக்கிய புலவரின் கேட்போருக்கு அப்பொருள் புதிதாக இருந்திருக்காது.

நீர்ப்பெயற்றுப் பகுதிக்கும் குறை உண்டு. பண்டசாலை காக்கும் ஏவலருக்கு ஒரு தொடர்தான். பரதர் தெருவை நிறைக்கிறார்கள், ஆனால் ஒருவர் முகமும் தெரிவதில்லை. அங்கே பட்டினப்பாலை முந்திவிடுகிறது. முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் சுறாக்கொம்பு நட்டு வழிபட்டு, உண்டு விளையாடும் பரதவரை அது விரிவாகக் காட்டுகிறது. வைகறையில், திமில்மேல் சென்ற அவர்கள் நகர் மாடங்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் விளக்கை நாம் கரையிலிருந்து பார்க்கிறோம். கடலிலிருந்து பார்ப்பவரை அதே புலவர் மற்றப் பாட்டில் வைத்திருக்கிறார்.