மேல்தளத்துச் சிரிப்பு

நகைச்சுவை, எளியவர் கையிலுள்ள கூரிய ஆயுதங்களுள் ஒன்று. ஆகவே, ஒரு நகைச்சுவைப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாரைப் பாராமலே விட்டுவிடுகிறது என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

2010 டிசெம்பரில் வெளிவந்த ‘மன்மதன் அம்பு’, பெரும்பகுதி உல்லாசக் கப்பலொன்றிலே நிகழும் தமிழ்ப் படம். கமல்ஹாசன் எழுத, கே. எஸ். ரவிக்குமார் இயக்கினார். தான் மணக்கவிருக்கும் நடிகைமீது ஐயங்கொண்ட செல்வந்தன் ஒருவன், அவளை வேவுபார்க்க மன்னார் என்ற முன்னாள் இராணுவ அதிகாரியை அமர்த்துகிறான். புற்றுநோயால் வாடும் நண்பனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டியே மன்னார் இவ்வேலையை ஏற்கிறான். அவள் குற்றமற்றவள் என்ற உண்மையை அறிவித்ததும் செல்வந்தன் கூலி கொடுக்க மறுக்கிறான். மன்னார் பொய்சொல்லத் தொடங்குகிறான்; பணமும் வரத்தொடங்குகிறது!

உண்மைக்குக் கூலியில்லை, பொய்க்கே விலையுண்டு. பணத்தையே அளவுகோலாகக் கொண்ட சமுதாயத்தின் நெறி முழுவதும் இம்முடிச்சில் அடங்கியிருக்கிறது. ஆனால் ஆசிரியர் அதனை இறுதிவரை கொண்டுசெல்லவில்லை. காதற் குழப்பங்களிலே கரைத்துவிடுகிறார். கப்பலோ வெறும் அலங்காரமாய் நின்றுவிடுகிறது. அதனை ஓட்டுவோருக்கும் துடைப்போருக்கும் கதையில் இடமில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில், தமிழரை ஏற்றிய வேறொரு கப்பலும் கரைசேர்ந்தது. தாய்லாந்திலிருந்து புறப்பட்ட ‘சன் சீ’ என்னும் பழைய சரக்குக் கப்பல், இலங்கைத் தமிழ் அகதிகள் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அவர்களுள் 49 பேர் சிறுவர். அவர்களை எதிர்கொண்டது தடுப்புக்காவல்.

அகதிக் கப்பலிலே சிரிப்புக்கு இடமேது என்று சிலர் வினவலாம். சார்லி சப்ளின் 1917இலேயே விடை தந்துவிட்டார். ‘தி இமிகிரன்ட்’ என்ற அவரது குறும்படத்தில், சுதந்திரதேவியின் சிலை கண்ணுக்குத் தெரியும் வேளையிலேயே ஏழைப் பயணிகளை மந்தைபோலக் கயிறிட்டுத் தடுக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு சுடுகிறது.

கடல் நமக்கு அந்நியமானதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’, அவ்வூர் மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அம்மாலுமிகளின் கேலியும், அகதிகளின் கசந்த நகையும் நம் திரைக்கு உரிய செல்வங்கள். மேல்தளத்தில் நின்று சிரிப்பவர் சிரிக்கட்டும். அச்சிரிப்பு படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கும் வரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.