சொந்தக் கணினியில் கிட்: வரலாறு உண்டு, காப்பு இல்லை

மென்பொருள் எழுதத் தொடங்கும் அன்றே அதன் கோப்புறையில், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டின் ‘கிட் இனிட்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு சர்வரோ இணையமோ தேவையில்லை. ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை உருவாகி, நாம் கமிட் செய்யும், அதாவது பதிவு செய்யும், ஒவ்வொரு நிலையையும் சேர்த்து வைக்கிறது.

சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற முந்தைய கருவிகளின் காலத்தில் வரலாறு மைய சர்வரில் இருந்தது. அதனோடு தொடர்பு இல்லாமல் கமிட் செய்ய முடியாது. 2005இல் லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு, அது பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் இல்லாமல் போனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். கிட்டில் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கிறது.

இதனால் கிடைக்கும் முதல் பலன் துணிவு. ஓடுகிற நிரலைப் பிரித்துப்போட்டு எழுதலாம்; சரிவராவிட்டால் பழைய கமிட்டுக்குத் திரும்பலாம். புதிய யோசனையைத் தனிக் கிளையில் சோதிக்கலாம். பிறருக்கு அனுப்புமுன் அரைகுறைக் கமிட்டுகளை ஒன்றுசேர்த்துச் சீராக்கலாம். கைதவறித் தொலைத்த கமிட்டையும், இயல்பான அமைப்பில் சுமார் 30 நாள் வரை ‘ரெஃப்லாக்’ என்ற பதிவேட்டின் மூலம் மீட்டுவிடலாம்.

இந்த மீட்புவசதிதான் பலரை ஏமாற்றுகிறது. வரலாறும் நிரலும் ஒரே டிஸ்கில் இருக்கின்றன. டிஸ்க் பழுதானால் இரண்டும் போய்விடும். கமிட் செய்யாத மாற்றங்களை ‘ரீசெட் ஹார்ட்’ கட்டளை அழித்தால் கிட் திருப்பித் தராது. கமிட்டில் புகுந்ததோ எளிதில் வெளியேறாது. அடுத்த கமிட்டில் நீக்கிய கடவுச்சொல் முந்தைய கமிட்டில் அப்படியே கிடக்கும். நிரலும் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தை வெளியிடும் நாளில் அதுவும் ஊரறிய வெளிவரும்.

இவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. கடவுச்சொல் உள்ள கோப்புகள் கமிட்டில் சேராதபடி, ‘.கிட்இக்னோர்’ கோப்பை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதலாம். டிஸ்க் பழுதுக்கு, வெளி ஹார்ட் டிஸ்கில் வரலாற்றை மட்டும் கொண்ட ஒரு ‘பேர்’ களஞ்சியம் அமைத்து, தினமும் அதற்குக் கமிட்டுகளைப் புஷ் செய்யலாம் (அனுப்பலாம்).

கருவியால் தீராத குறை ஒன்றும் உண்டு. தனியாக வேலை செய்பவரின் கமிட் குறிப்பை யாரும் படிப்பதில்லை. ‘மாற்றம்’, ‘சரிசெய்தது’ என்ற ஒற்றைச் சொற்களே குவிகின்றன. எந்த வரி மாறியது என்பதை கிட் காட்டும். ஏன் மாறியது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வரலாறு, ஆறு மாதம் கழித்து அவருக்கே புரியாது.

ஆகவே, நிரலெழுதப் பழகும் மாணவருக்கு இணையக் கணக்கு தொடங்கக் கற்பிக்குமுன், சொந்தக் கணினியில் காரணத்தோடு கமிட் செய்யவும் அன்றன்றே இன்னொரு பிரதி எடுக்கவும் கற்பிக்க வேண்டும்.