மிருதுவான குரல், அடிபட்ட உடல்: நாட் கிங் கோல் தொகுப்பை முன்வைத்து

நாட் கிங் கோலின் 'சிறந்த பாடல்கள்' தொகுப்பைத் தோழர் ஒருவர் வீட்டில் போட்டேன். பத்து நிமிஷத்தில், 'என்னய்யா இது, வெண்ணெயா வழுக்குது. பூர்ஷ்வா தாலாட்டு, நிறுத்து' என்றார். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். இப்போது முடியவில்லை.

தொகுப்பு என்பதும் ஒரு பிரதி. விற்றதை வரிசையாக அடுக்கி, இவர்தான் கலைஞர் எனக் கட்டமைக்கிறது. 'நேச்சர் பாய்' (1948), 'மோனா லிசா' (1950), 'அன்ஃபர்கெட்டபிள்' (1951) என்று வயலின்கள் சூழ ஒலிக்கும் குரலே இங்கு கோல். பியானோ, கிதார், பாஸ் மூன்றை மட்டும் வைத்து, டிரம்ஸ் இல்லாமலே தாளத்தைக் கட்டிக்காத்த ஜாஸ் பியானோக்காரர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

குரல் வெள்ளையர் வீட்டுக் கூடம்வரை போனது. ஆள் போனால்தான் பிரச்சினை. 1948இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்து வெள்ளையர் எதிர்த்தார்கள். 1956 ஏப்ரலில், அவர் பிறந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், வெள்ளையருக்கென்றே நடந்த காட்சியில் வெள்ளை இனவெறியர்கள் மேடையேறி அவரைத் தாக்கிக் கீழே தள்ளினார்கள். அதே ஆண்டு என்பிசியில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு தேசிய அளவில் ஒரு விளம்பரதாரரும் சிக்கவில்லை. 1957 டிசம்பரில் அது நின்றுபோனது.

நிறம் பிரித்து உட்காரவைத்த அரங்குகளில் பாடியதற்காகக் கறுப்பு இதழ்கள் அவரைக் கண்டித்தன. கண்டனம் நியாயம்தான். பின்னர் கறுப்பர் உரிமை அமைப்பான என்ஏஏசிபியில் ஆயுள் உறுப்பினர் ஆனார். ஆனால் மென்மை என்றாலே சரணாகதிதானா? அந்த உச்சரிப்பைக் கேளுங்கள். ஓர் எழுத்துகூடப் பிசகாது. பிசகினால் மன்னிப்புக் கிடைக்காதவரின் எச்சரிக்கை அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1943இல் பதிவான 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' பாட்டுக்கு மூலம், போதகரான அவர் அப்பா பிரசங்கத்தில் சொன்ன கதை. பிணந்தின்னிக் கழுகு பிராணிகளைச் சவாரிக்குக் கூட்டிப்போய்த் தின்னப் பார்க்கும். முதுகில் ஏறிய குரங்கு அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சந்தையின் முதுகில் ஏறிய கலைஞருக்கும் இதே நிலைமைதான்: இறங்கவும் முடியாது, பிடியை விடவும் முடியாது.

கோல் 1965இல், 45 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். பிடி கடைசிவரை இறுகியிருந்ததா, நடுவில் தளர்ந்ததா என்பதே என் கேள்வி. இந்தத் தொகுப்பைத் தூக்கியெறிய நான் தயாரில்லை. கம்பெனி கொடுத்த வரிசையில் கேட்கவும் தயாரில்லை. 1943இலிருந்து ஆண்டுவாரியாகப் போட்டுக் கேட்போம், தோழர். பியானோ எந்த இடத்தில் மறையுதுன்னு பார்ப்போம்.